மூத்த செல்லும் இளைய செல்லும்

மல்டிமீட்டரின் சிவப்பு முனையைச் செல்லின் தலையிலும் கருப்பு முனையை அடியிலும் வைத்தேன். 3.71 வோல்ட் காட்டியது. அடுத்த செல்லை எடுத்து அதே மாதிரி வைத்தேன். 2.38. சரியாகப் படவில்லையோ என்று செல்லின் தலையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே 2.38.

மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த என் சித்தி மகன், "அண்ணே, இரண்டும் ஒரே செல்தான். ஒரே சார்ஜரில், ஒரே இரவில் போட்டு எடுத்தவை" என்றான். தன் வேப் குழாய், அதாவது மின்சிகரெட், கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது, பொத்தானில் ஏதோ கோளாறு, பார்த்துக் கொடுங்கள் என்றுதான் அவன் வந்திருந்தான். பொத்தானில் ஒரு கோளாறும் இல்லை.

மலேசியாவின் கிள்ளான் நகரில் கம்பியில்லாத டிரில், புல்வெட்டி போன்றவற்றின் பேட்டரிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது லித்தியம் செல்களாவது என் கையில் புரளும். அப்படியிருந்தும் அந்த இரண்டு எண்களும் என் வயிற்றைப் பிசைந்தன. டிரில்லைத் தொழிலாளி கையில் பிடிக்கிறார். இந்தக் குழாயை அவன் உதட்டில் வைக்கிறான்.

நான் வேப் இழுப்பதில்லை. இழுக்கச் சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. மலேசியாவில் சில மாநிலங்கள் தடுத்தாலும் அப்போது வயது வந்தவர்களுக்கு விற்பனை இருந்தது. அன்று அவனைத் திட்டி அனுப்பியிருந்தால், அடுத்த முறை குழாய் சூடானபோது அவன் என்னிடம் வந்திருக்கமாட்டான். அதனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னவற்றையும், பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வேப் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கருவியைப் பற்றிக் கொஞ்சம். கடைகளில் அதிகம் விற்பவற்றில் உள்ளே ஒரு சிப் இருக்கும். செல்லின் மின்னழுத்தம் குறைந்தால் அது கருவியை நிறுத்தும். திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலில் ஷார்ட் இருந்தால் வேலை செய்ய மறுக்கும். பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் தானாக அணைத்துவிடும். மெக்கானிக்கல் மோட் என்பது அதற்கு நேர் எதிர். பித்தளையிலோ செம்பிலோ கடைந்த ஒரு குழாய். அடியில் பொத்தான், நடுவில் செல், உச்சியில் காயில் சுற்றிய அடோமைசர் என்ற ஆவியாக்கும் பகுதி. சிப் இல்லை, ஃபியூஸ் இல்லை. பொத்தானை அழுத்தினால் செல் தன்னால் முடிந்ததையெல்லாம் காயிலுக்குக் கொடுத்துவிடும். 2015 வாக்கில் இங்கே வேப் அலை எழுந்தபோது இளைஞர்கள் இந்தக் குழாய்களை நகை மாதிரித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைப்பாட்டின் அழகு எனக்கும் புரிகிறது. ஆனால் ஃபியூஸ் பார்க்கவேண்டிய வேலையை அங்கே மனிதனின் மூளை பார்க்கவேண்டியிருக்கிறது. மூளை களைத்திருக்கும் நேரத்திலும் பொத்தான் வேலை செய்யும்.

சித்தி மகன் இந்தக் குழாயை ஒரு வருடமாக ஒற்றைச் செல்லோடு வைத்திருந்தான். 18650 என்ற அளவுள்ள செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். முழுமையாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அவனுடைய காயில் 0.3 ஓம். பள்ளியில் படித்த ஓம் விதிதான் கணக்கு: 4.2ஐ 0.3ஆல் வகுத்தால் 14 ஆம்பியர். செல்லின் வரம்பு 20 ஆம்பியர். சக்தி கிட்டத்தட்ட 59 வாட், அதாவது முன்பு வீட்டுக் கூடத்தில் எரிந்த 60 வாட் குண்டு பல்பு அளவு. இதுவரைக்கும் அவன் கணக்கில் பிழையில்லை.

பிறகு ஒரு நண்பனிடமிருந்து அதே குழாய்க்குப் பொருந்தும் நீட்டுத்துண்டு ஒன்றை வாங்கியிருக்கிறான். திருகி மாட்டினால் குழாய் இரண்டு செல் நீளத்துக்கு வளர்ந்துவிடும். ஒன்றின் தலைமேல் இன்னொன்றின் அடி உட்காரும். இதைத்தான் ஸ்டாக் செய்வது என்கிறார்கள். புகைமூட்டம் இரண்டு மடங்காகும் என்று நண்பன் சொல்லியிருக்கிறான். காயிலை மாற்றவேண்டும் என்று சொல்லவில்லை.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மின்னழுத்தம் கூடுகிறது: 8.4 வோல்ட். அதே 0.3 ஓம் காயிலில் அது 28 ஆம்பியர். சக்தி 235 வாட். ஒரு பல்பு எரிந்த இடத்தில் நான்கு பல்புகள். பளு ஏறும்போது மின்னழுத்தம் தொய்வதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனால் உயிரை வைத்துக் கணக்குப் போடும்போது தொய்வை நம்பக்கூடாது, முழு எண்ணைத்தான் போடவேண்டும். 20 ஆம்பியர் செல்லிடம் 28 கேட்டிருக்கிறான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செல்லுக்குள் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். நல்ல செல்லின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல் தனக்குள்ளேயே காட்டும் தடை, 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், முன்பு அதனுள் 4 வாட் சூடு. இப்போது ஏறக்குறைய 16. இரண்டு செல்லிலும் சேர்த்து 31 வாட். காலியான ஒரு செம்புக் குழாய்க்குள் சாலிடரிங் இரும்பை வைத்து மூடினால் என்ன ஆகுமோ அதுதான் அவன் உள்ளங்கையில் நடந்தது.

"அப்படியானால் பெரிய ஓமில் காயில் சுற்றிக்கொள்கிறேன்" என்றான் உடனே. புத்திசாலிப் பையன். 0.6 ஓமில் சுற்றினால் பழைய 14 ஆம்பியருக்கே வந்துவிடலாம் என்பது உண்மை. கணக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் அங்கேயே அவனை விட்டிருப்பேன்.

செல்களை அடுக்குவது நமக்குப் பழக்கப்பட்ட வேலை என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது. நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். அப்பா விடியுமுன் கித்தா (ரப்பர்) மரம் சீவப் போவார். வீட்டில் மூன்று தடித்த செல் போடும் டார்ச் லைட் ஒன்று எப்போதும் கதவோரம் தொங்கும். வெளிச்சம் மங்கினால் ஒரு புது செல்லை மட்டும் வாங்கி, பழையதில் எது மோசமோ அதை எடுத்துவிட்டுப் போடுவோம். எடுத்ததையும் எறியமாட்டோம், தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். இதைப் படிக்கும் பலர் இதையே செய்திருப்பீர்கள். ஒன்றும் ஆகாது. அந்தத் துத்தநாக செல்லின் உள்தடை அதிகம். அதை எப்படி வதைத்தாலும் அதனால் பெரிய மின்னோட்டம் தர முடியாது. மிஞ்சிப்போனால் உள்ளே கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கைப் பச்சை பிடிக்கவைக்கும். லித்தியம் செல்லும் அதே உருளை வடிவத்தில், அதே ஒரு தலை ஒரு அடியோடு வருகிறது. கைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. டார்ச்சில் கற்றுக்கொண்டதைக் கை அப்படியே இங்கேயும் செய்துவிடுகிறது.

சரி, 3.71, 2.38 என்ற அந்த இரண்டு எண்களுக்கு வருகிறேன். அவனைத் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, உறையின் நிறம்கூட ஒன்று. ஆனால் ஒன்றை அவன் குழாயோடு வாங்கி ஒரு வருடம் உழைக்கவைத்திருக்கிறான். மற்றொன்றை நீட்டுத்துண்டு வந்தபிறகு வாங்கியிருக்கிறான். மூத்தது, இளையது.

மூத்த செல்லின் கொள்ளளவு குறைந்திருக்கும், உள்தடை ஏறியிருக்கும். இரவில் சார்ஜரிலிருந்து எடுக்கும்போது இரண்டுமே 4.2 வோல்ட் காட்டும், பார்வைக்கு இரட்டையர்கள். வரிசையில் அடுக்கினால் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடவேண்டும். எனக்கு முடியவில்லை என்று ஒன்று ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. மூத்தது முதலில் காலியாகும். காலியான பிறகும் இளையது தன் மின்னோட்டத்தை அதன் வழியே தள்ளிக்கொண்டே இருக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே அனுப்பக்கூடாத செல் 1 வோல்ட்டுக்குப் போகும், பூஜ்யத்துக்குப் போகும், அதையும் தாண்டினால் தலைகீழாகும்: நேர்முனை எதிர்முனையாகிவிடும். ஓய்வில் வைத்தால் செல்லின் மின்னழுத்தம் கொஞ்சம் மேலே ஏறி வரும். அப்படி ஏறி வந்த பிறகும் என் மீட்டரில் 2.38 என்றால், பொத்தானை அழுத்தியிருந்த விநாடிகளில் அது எந்தப் பாதாளத்தில் இருந்திருக்கும்!

இவ்வளவு ஆழத்துக்கு வடிந்த செல்லின் உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அந்தச் செம்பு செல்லுக்குள் இருக்கும் திரவமான மின்பகுபொருளில் கலந்துவிடும். மறுபடியும் சார்ஜ் போடும்போது வேண்டாத இடங்களில் படிந்து, இரண்டு மின்வாய்களையும் பிரித்து நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஊடுருவி, உள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். தப்பு நடந்த நாளில் ஒன்றும் தெரியாது. நான்கு நாள் கழித்து, எல்லோரும் தூங்கும்போது, சார்ஜரில் தெரியலாம். சில சார்ஜர்கள் செத்த செல்லையும் எழுப்பிக் காட்டுவோம் என்று ஒரு வசதியைக் கொடுக்கின்றன. 2 வோல்ட்டுக்குக் கீழே விழுந்த லித்தியம் செல்லை எழுப்புவதை நான் தொழிலில்கூடச் செய்வதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செல்லாக இருந்தாலும் அதற்குத் தனிப் பெட்டிதான்.

இதைவிடப் பெரிய ஆபத்தாக நான் நினைப்பது வேறொன்று. ஒற்றைச் செல் குழாய்க்கு இயற்கையாகவே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. செல் வடிய வடியக் காயில் மெதுவாகச் சூடாகும், புகை மெலியும், ருசி போகும். 3.4, 3.5 வோல்ட் வாக்கிலேயே இழுப்பவனுக்கு அலுத்துவிடும். எடுத்துச் சார்ஜில் போட்டுவிடுவான். சிப் இல்லாத குறையை அந்த அலுப்பு ஓரளவு ஈடுகட்டுகிறது. அடுக்கிய குழாயில் இந்த எச்சரிக்கை காணாமல் போகிறது. என் மேசையில் இருந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 6.09 வோல்ட். முழுதாகச் சார்ஜ் செய்த ஒற்றைச் செல்லைவிட அதிகம். புகை இன்னும் தாராளமாகத்தான் வந்திருக்கிறது. அடியில் ஒரு செல் செத்துக்கொண்டிருந்ததை மேலே இருந்த இளைய செல் முழுசாக மறைத்துவிட்டது. "நேற்றுக்கூட நன்றாகத்தான் இழுத்தது" என்று அவன் சொன்னது பொய்யில்லை.

"டிரில் பேட்டரியிலும் ஐந்து செல்லை அடுக்கித்தானே வைத்திருக்கிறார்கள், அதை நீங்களே பழுதுபார்க்கிறீர்களே" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு பழைய 18 வோல்ட் பேட்டரியைத் திறந்து காட்டினேன். ஐந்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் மெல்லிய வயர் ஒன்று பக்கத்தில் உள்ள மின்சுற்றுப் பலகைக்குப் போகிறது. நல்ல பலகை அந்த வயர்கள் வழியாக ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்று சோர்ந்தாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும். வாடிக்கையாளர்கள் பேட்டரி செத்துவிட்டது என்று கொண்டுவருவதில் பாதி, ஒரே ஒரு வரிசை சோர்ந்ததால் பலகை பிடிவாதமாக நிறுத்தி வைத்திருப்பதுதான். அவன் அந்த வயர்களை விரலால் தொட்டுப் பார்த்தான். குழாயின் உட்புறத்தையும் எட்டிப் பார்த்தான். அங்கே வழவழப்பான பித்தளை மட்டும்தான் இருந்தது.

வேப் இழுப்பவர்களிடையே செல்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பது என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, அடையாளம் எழுதி, சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே சார்ஜ் போட்டு, இடத்தை மாற்றி மாற்றி வைத்து, ஒன்று போனால் மற்றதையும் ஒதுக்கிவிடுவது. சிப் உள்ள இரண்டு செல் கருவிகளுக்கு இது மிக நல்ல வழக்கம், கட்டாயம் கடைப்பிடிக்கவேண்டியது. மெக்கானிக்கல் குழாயில் இது ஆபத்தைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. ஒரே பெட்டியில் பிறந்த செல்களும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. குழாயில் பொத்தான் பக்கம் இருப்பதும் காயில் பக்கம் இருப்பதும் ஒரே சூட்டை அனுபவிப்பதில்லை. எந்த வாரத்தில் அவை பிரிந்து நடக்கத் தொடங்கின என்பதை ஒவ்வொரு முறையும் மீட்டரில் பார்ப்பவன்தான் கண்டுபிடிப்பான். அப்படிப் பார்க்கிறவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூத்த செல்லைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. தலைப்பக்கம் பிளாஸ்டிக் உறை நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. பலருக்குத் தெரியாத விஷயம் இது: இந்தச் செல்லின் உலோக உடம்பு முழுவதும் எதிர்முனை. தலையில் உள்ள சிறிய குமிழ் மட்டும்தான் நேர்முனை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி, அதன்மேல் ஒரு காகித வளையம். உறை கிழிந்து, வளையம் நழுவினால், அடுக்கிய செல்லின் அடி கீழே உள்ளதன் குமிழையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் தொடலாம். குழாயின் சுவரும் எதிர்முனைதான். உச்சியில் அடோமைசரின் ஊசி நேராகச் செல்லின் தலையில் உட்காரும் வகைக் குழாய்களில், ஊசி போதுமான அளவு வெளியே நீளாவிட்டால், சுற்றியுள்ள மரை விளிம்பு செல்லைத் தொட்டு அதே விபரீதம் நடக்கும். நம் செய்தித்தாள்கள் இதையெல்லாம் 'மின்கசிவு' என்று எழுதிவிடுகின்றன. கசிவு என்ற சொல்லைப் படித்தால் குழாயடியில் சொட்டும் தண்ணீர்தான் மனதில் வருகிறது. இது அணை உடைவது. நல்ல செல் ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேலேகூட ஒரு கணம் பாயும்.

அதன்பிறகு நடப்பது வேதியியல். ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் உள்ளிருக்கும் படலம் உருகத் தொடங்கும். மின்வாய்கள் தொட்டுக்கொள்ளும். இன்னும் சூடு ஏறும், எளிதில் தீப்பற்றும் திரவம் ஆவியாகும், நேர்மின்வாயிலிருந்து ஆக்சிஜன் வெளியேறும். வெளியிலிருந்து காற்றே தேவையில்லை. ஒரு செல் இப்படிப் போனால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மற்றதையும் சூடாக்கி இழுத்துக்கொண்டு போகலாம். குழாயில் போதுமான ஓட்டைகள் இல்லையென்றால் வாயு எங்கே போகும்? அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பற்றிப் பேசுகிறது. உருளையான கருவியில் பலவீனமான இடம் அதன் நுனிதான், அதனால் செல் வெடித்தால் கருவி ராக்கெட் மாதிரிப் பாயக்கூடும் என்கிறது. 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் ஊடகங்களில் வந்த 195 வெடிப்பு, தீ நிகழ்வுகளை அந்த அறிக்கை தொகுத்தது. 133 பேருக்குக் காயம், அதில் 38 பேருக்குக் கடுமையான காயம். அப்போது உயிரிழப்பு இல்லை.

2018 மே மாதம் ஃபுளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 38 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். வெடித்த கருவியின் துண்டு அவர் மண்டைக்குள் பாய்ந்திருந்தது. 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயது இளைஞர் ஒருவரின் முகத்தருகே கருவி வெடித்தது. சிதறிய துண்டு கழுத்துத் தமனியை அறுத்தது. இரண்டு நாளில் இறந்தார். அன்று என் எதிரே உட்கார்ந்திருந்த சித்தி மகனுக்கு வயது 23. இந்த இரண்டு செய்திகளையும் அவனிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே கட்டுப்படவில்லை. அவனைப் பிறந்த மூன்றாம் நாள் கையில் வாங்கியவன் நான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். அந்த 195 நிகழ்வுகளில் 61 நிகழ்வுகள் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ நடந்தவை. சாவியோடும் சில்லறையோடும் தனிச் செல்லைப் பையில் போடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும். விலை மலிவான பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு செல் வைத்துக்கொள்ளலாம். 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனிச் செல்லாக 18650ஐ வாங்கவே வேண்டாம் என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. பாதுகாப்புச் சுற்றோடு கூடிய பேட்டரிக்குள் உதிரியாகச் சேர்வதற்காகச் செய்த பொருள் அது, கடையில் ஒற்றையாக விற்பதற்குச் செய்ததல்ல என்பதே காரணம். என் தொழிலில் இருந்து பார்த்தால் அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. வேறு உறை போட்டு, கொள்ளளவு 9000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்து விற்கும் போலிகளும் என்னிடம் வருகின்றன. இந்த அளவில் பெயர்பெற்ற நிறுவனங்களே 3500ஐச் சுற்றித்தான் நிற்கின்றன. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால்கூடச் சில போலிகள் சிக்கிவிடும். அசல் செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியே நிற்கும்.

முடிவில் அவனிடம் இரண்டே இரண்டு விஷயம் கேட்டேன். நீட்டுத்துண்டை என்னிடம் விட்டுவிடு. இரண்டு செல்லின் சக்தி வேண்டும் என்றால் சிப் உள்ள கருவி வாங்கிக்கொள், பணம் போதாவிட்டால் நான் தருகிறேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நீட்டுத்துண்டு விலை உயர்ந்தது, வேலைப்பாடும் அழகு. பிறகு மரையைத் தானே சுழற்றிக் கழற்றி மேசையில் வைத்தான்.

மூத்த செல்லின் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, கடைக்கு வெளியே மணல் நிரப்பிய வாளியில் அன்றிரவு வைத்தேன். மறுநாள் மற்றக் கழிவு செல்களோடு மறுசுழற்சிக்குப் போகும் பெட்டியில் போட்டேன். இளையதை நான்கு மணி நேரம் சோதித்துப் பார்த்ததில் கொள்ளளவு நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணே, சூட்டில் சுருங்கிச் செல்லோடு ஒட்டும் உறை பத்து வாங்கியிருக்கிறேன், காகித வளையமும் சேர்த்து. சூடான காற்றை எவ்வளவு தூரத்திலிருந்து காட்டவேண்டும், செல் சூடாகிவிடாதா?" என்று கேட்டான். நேரில் வா, சேர்ந்து செய்வோம் என்றேன். சனிக்கிழமை வந்தான். வரும்போது சொந்தமாக ஒரு மல்டிமீட்டரும் வாங்கி வந்திருந்தான்.